கம்பி விட்டு விரித்தால் போதுமா?

ஒரு ஆணுக்குச் சிறுநீர் சரியாகப் போகவில்லை என்றால் நம் ஊரில் முதலில் சொல்வது சூடு. இளநீர் குடி, வெந்தயம் ஊறப்போட்டுச் சாப்பிடு, வாழைத்தண்டுச் சாறு எடு, தொப்புளில் விளக்கெண்ணெய் வை என்று ஆளுக்கொரு வைத்தியம் வரும். ஐம்பதைத் தாண்டியவர் என்றால் புராஸ்டேட்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் சர்க்கரை பார்க்கச் சொல்வார்கள். சிறுநீர் வெளியே வரும் குழாய்க்குள் ஒரு தழும்பு உட்கார்ந்துகொண்டு வழியை மறிக்கலாம் என்று சொல்ல ஆளில்லை. எனக்கு இந்தத் தொல்லை முப்பதுகளின் நடுவில் தொடங்கியது. அது யுரெத்ரல் ஸ்ட்ரிக்சர், அதாவது சிறுநீர்க் குழாய்ச் சுருக்கம் என்று தெரியவே சில வருடங்கள் ஆகிவிட்டன. சரியான சிகிச்சை என்ன என்று தெரிய இன்னும் சில வருடங்கள். இந்த இரண்டாவது தாமதத்தைப் பற்றித்தான் முக்கியமாக எழுத நினைக்கிறேன்.

இந்த நோய் ஒரே நாளில் வருவதில்லை. தாரை மெல்ல மெல்ல மெலியும். நமக்கும் அது பழகிப்போய், எல்லாருக்கும் இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிடுவோம். முக்கினால்தான் வரும். சில நாள் இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் தெறிக்கும். முடிந்துவிட்டது என்று ஜிப்பைப் போட்டபிறகு மிச்சம் சொட்டி உள்ளாடை நனையும். அதனாலேயே நான் வெளிர் நிறத்தில் பேன்ட் எடுப்பதை நிறுத்தினேன். சென்னைக்கு இரவு பஸ் ஏறுவதென்றால் மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன். நெடுஞ்சாலை மோட்டலில் பஸ்ஸை நிறுத்தினால் முதல் ஆளாக இறங்கி ஓடுவேன். பின்னால் வந்தவர்களெல்லாம் வரிசையாகப் போய்விட்டுத் திரும்பியிருப்பார்கள், நான் நின்றுகொண்டே இருப்பேன். "சார், வண்டி எடுக்கணும், வாங்க" என்று கண்டக்டர் கத்துவார். அந்தச் சத்தம் கேட்டதும் வந்துகொண்டிருந்ததும் நின்றுவிடும்.

குழாயின் அமைப்பைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் இந்தக் குழாய் பெண்களுக்குச் சுமார் 4 செ.மீ. நீளம்தான். ஆண்களுக்கு 18 முதல் 20 செ.மீ. வரை இருக்கும். புராஸ்டேட் சுரப்பிக்குள் புகுந்து, இடுப்புத் தசைகளைக் கடந்து, விதைப்பைக்குப் பின்னால் வளைந்து, பிறகு ஆணுறுப்பின் நுனி வரை வருகிறது. நீளமும் வளைவும் அதிகம் என்பதால் அடிபட வாய்ப்பும் அதிகம். ஆகவே இது பெரும்பாலும் ஆண்களின் நோய். குழாயைச் சுற்றி இரத்தம் நிறைந்த பஞ்சு போன்ற திசு ஒன்று உறை போட்டிருக்கிறது. உட்பூச்சில் காயம் பட்டால் அந்தத் திசுவும் சேர்ந்து இறுகித் தழும்பாகிவிடும். வெறும் உள்தோல் மட்டும் ஒட்டிக்கொண்டால் பிரித்துவிடலாம். சுற்றியுள்ள திசுவே நாராகிவிட்டால் அவ்வளவு சுலபமில்லை. சுருக்கம் அதிகம் வருவது விதைப்பைக்குப் பின்னால், நாம் சைக்கிள் சீட்டில் உட்காரும் இடத்தில் இருக்கும் பகுதியில்.

கடைசியாக நான் போய்ச் சேர்ந்த யூராலஜிஸ்ட் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதைப் பற்றித்தான். "சின்ன வயசுல எங்கேயாவது காலை அகட்டி விழுந்திருக்கீங்களா? சைக்கிள் பார், சுவர், மரக்கிளை, ஏதாவது?" அதுவரை யாரும் கேட்டதில்லை. அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகி, ஒருநாள் தைரியம் வந்து பாருக்கு மேல் கால் போட்டு ஓட்டினேன். பள்ளத்தில் இறங்கியபோது பெடல் நழுவி, முழு எடையோடு பாரின் மேல் விழுந்தேன். அன்று சிறுநீரில் இரத்தம் வந்தது. இரண்டு நாளில் நின்றுவிட்டது. வீட்டில் சொல்லும் விஷயமா அது? டாக்டர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "இடுப்பெலும்புக்கும் சைக்கிள் பாருக்கும் நடுவுல குழாய் நசுங்கிடும். தழும்பு மெதுவா இறுகும். வருஷக்கணக்குல கழிச்சுத்தான் தெரியும் சார்."

வேறு காரணங்களும் உண்டு. ஆஸ்பத்திரியில் சிறுநீருக்கு டியூப் போடும்போது, அதாவது கதீட்டர் போடும்போது, உள்ளே உரசிக் காயமாவது ஒரு பெரிய காரணம். புராஸ்டேட்டை உள்வழியாகச் சுரண்டி எடுக்கும் அறுவைக்குப் பின்னும் வரலாம். கொனோரியா போன்ற பால்வினை நோயைச் சரியாகக் கவனிக்காமல் விட்டால் வரும். அந்தக் காலத்தில் இதுதான் முதல் காரணமாக இருந்தது. சாலை விபத்தில் இடுப்பெலும்பு உடைந்தால் குழாய் அறுந்தே போகலாம். பிறவியிலேயே சிறுநீர்த் துளை இடம் மாறியிருந்து சிறுவயதில் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் பின்னாளில் சுருங்கலாம். இன்னொன்று லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோய். டாக்டர்கள் பி.எக்ஸ்.ஓ. என்று சீட்டில் எழுதுவார்கள். முன்தோலும் நுனியும் வெளுத்து, தடித்து, ஒட்டிக்கொள்ளும். அது உள்ளே பரவினால் குழாய் முழு நீளத்துக்குமே சுருங்கிவிடும். பலருக்கு எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடியாது என்பதும் உண்மை. ஸ்ட்ரிக்சர் என்றாலே 'தப்பான பழக்கம்' என்று பார்க்கிற பார்வை இன்னும் இருப்பதால் இதைச் சொல்கிறேன். அந்தப் பயத்திலேயே வாயைத் திறக்காமல் இருப்பவர்கள் ஏராளம்.

சோதனைகள் பயப்படும்படி ஒன்றுமில்லை. முதலாவது யூரோஃப்ளோ. வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, முட்டிக்கொண்டு வரும்போது ஒரு புனலுக்குள் சிறுநீர் கழிக்க வேண்டும். கீழே இருக்கும் கருவி நொடிக்கு எத்தனை மில்லி வருகிறது என்று கோடு வரையும். குறைந்தது 150 மில்லியாவது போனால்தான் கணக்கு சரியாக இருக்கும். நல்ல நிலையில் இருக்கும் ஆணுக்கு உச்ச வேகம் நொடிக்கு 15 மில்லிக்கு மேல் இருக்கும். கோடு ஏறி இறங்கி ஒரு மணியின் உருவத்தில் முடியும். ஸ்ட்ரிக்சர் உள்ளவருக்கு அது கொஞ்சம் ஏறி, அதே மட்டத்தில் நீளமாகத் தட்டையாக ஓடி, கடைசியில் இறங்கும். என் தாளில் உச்சம் 5 என்று இருந்தது. அந்தத் தட்டைக் கோட்டைப் பார்த்தபோது, பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம், ஒரு நிம்மதி வந்தது. இத்தனை வருடம் நான் சொன்னதற்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டதே!

அடுத்து ஸ்கேன். சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாவதுதான் முக்கியம். நுனி வழியாக மருந்துச் சாயம் செலுத்தி, சற்று ஒருக்களித்துப் படுக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே. ஆர்.ஜி.யு. என்பார்கள், சில இடங்களில் ஏ.எஸ்.யு. என்பார்கள். சுருக்கம் எங்கே, எத்தனை நீளம், எத்தனை இடத்தில் என்பது இந்தப் படத்தில்தான் தெரியும். கொஞ்சம் எரியும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். இந்தப் படம் இல்லாமல் ஸ்ட்ரிக்சருக்கு என்ன செய்வது என்று யாரும் முடிவு செய்யக்கூடாது. எனக்கோ முதல் சில வருடங்கள் இந்தப் படம் எடுக்கப்படவே இல்லை.

நான் போய்வந்துகொண்டிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் டைலடேஷன் மட்டும்தான் நடந்தது. வளைந்த உலோகக் கம்பிகள், மெல்லியதிலிருந்து பருமனானது வரை வரிசையாக இருக்கும். மரத்துப்போகும் ஜெல்லை உள்ளே விட்டு, ஒவ்வொன்றாகச் செலுத்தி விரிப்பார்கள். இது இன்று நேற்று வந்த முறையல்ல. நெய் தடவிய உலோக, மரக் குழல்களால் சிறுநீர் வழியை விரிப்பதைப் பற்றி சுஸ்ருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. விரித்த அன்று தாரை அருவியாய்க் கொட்டும். வீட்டுக்கு வந்து மனைவியிடம் "சரியாயிடுச்சு" என்று சொல்வேன். சில மாதத்தில் மறுபடி மெலியும். மறுபடி போவேன். ஒருமுறை விரித்துவிட்டு வந்த இரவே குளிர்காய்ச்சல் கண்டு, இரண்டு போர்வை போர்த்தியும் உடம்பு தூக்கிப்போட்டது. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்று மறுநாள் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர், "தம்பி, நான் பத்து வருஷமா வந்து போறேன், இது அப்படித்தான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குக் கலக்கம்தான் மிஞ்சியது.

ஏன் நிலைப்பதில்லை? தழும்பை இழுத்து விரிக்கும்போது அது கிழிகிறது. கிழிந்த இடம் ஆறும்போது மறுபடி தழும்பாகத்தான் ஆறும். காய்ந்த பொருக்கை உரித்துக்கொண்டே இருந்தால் புண் பெரிதாவது மாதிரி, ஒவ்வொரு முறையும் தழும்பு கொஞ்சம் நீளமாகிறது, கொஞ்சம் ஆழமாகிறது. 1970களில் ஜெர்மனியின் சாக்ஸெ என்ற மருத்துவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த முறையில், கேமரா வைத்துப் பார்த்துக்கொண்டே சின்னக் கத்தியால் தழும்பைக் கீறிவிடுவார்கள். ஓ.ஐ.யு., வி.ஐ.யு. என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருப்பது அதுதான். கண்ணால் பார்த்துச் செய்வதால் வழி தவறாது. ஆனால் பலன் விரிப்பதற்குச் சமம்தான். 2 செ.மீ.க்கும் குறைவான, ஒரே இடத்தில் உள்ள, முதல் முறை வந்த சுருக்கத்துக்கு இதைச் செய்து பார்க்கலாம். ஒரு பகுதியினருக்கு அதோடு சரியாகிவிடும். ஒருமுறை செய்து திரும்பி வந்துவிட்டால் இரண்டாவது, மூன்றாவது முறை நிலைக்கும் என்று நம்ப இடம் மிகக் குறைவு. முன்பகுதிக் குழாயில், அதாவது விதைப்பைக்குப் பின்னாலிருந்து நுனி வரை உள்ள பகுதியில், ஒரு முறை உள்வழிச் சிகிச்சை தோற்றுவிட்டால், திரும்பத் திரும்ப அதையே செய்யாமல் யுரெத்ரோபிளாஸ்டி என்ற சீரமைப்பு அறுவையைப் பற்றி நோயாளியிடம் பேச வேண்டும் என்றுதான் அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதலும் சொல்கிறது. அந்தப் பேச்சு என்னிடம் நடக்கவில்லை. என் கோபமெல்லாம் இதில்தான். பத்து வருடமாக வந்துபோகிற அந்தப் பெரியவரிடமும் யாராவது பேசினார்களா என்று தெரியவில்லை.

யுரெத்ரோபிளாஸ்டி என்பது குழாயைத் திறந்து சீரமைக்கும் அறுவை. விதைப்பைக்கும் மலவாய்க்கும் நடுவில் கீறி உள்ளே போவார்கள். சுருக்கம் குட்டையாக இருந்தால் அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடலாம். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் இது நிலைக்கிறது. சுருக்கம் நீளம் என்றால் வெட்டிச் சேர்க்க முடியாது, இழுபடும். அங்கே ஒட்டுப் போட வேண்டும். ஒட்டுக்கு எங்கிருந்து தோல் எடுப்பது?

ஒருகாலத்தில் விதைப்பைத் தோலையே எடுத்துப் போட்டார்கள். குழாய்க்குள் முடி முளைத்து, அதில் உப்புப் படிந்து கல் கட்டியது. விடை வாய்க்குள் இருந்தது. கன்னத்தின் உட்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். எப்போதும் ஈரத்திலேயே இருந்து பழகியது. முடி கிடையாது. மேற்பூச்சு தடிமன், அடிப்பகுதி மெல்லியது, ஆகவே புது இடத்தில் சீக்கிரம் இரத்த ஓட்டம் பிடித்துக்கொள்ளும். கிருமிகளையும் தாங்கும். 1890களிலேயே அன்றைய ரஷ்யப் பேரரசில் சபெஷ்கோ என்ற மருத்துவர் வாய்ச் சவ்வைச் சிறுநீர்க் குழாய்க்குப் பயன்படுத்தினார். 1941இல் இங்கிலாந்தில் ஹம்பி அதைச் செய்தார். பிறகு கிட்டத்தட்ட ஐம்பது வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1990களில்தான் இது பரவலானது. இத்தாலியின் பார்பாக்லி அந்த ஒட்டைக் குழாயின் மேற்புறத்தில், உறுதியான அடித்தளத்தின் மேல் பரப்பித் தைக்கும் முறையை 1996இல் வெளியிட்டார். குழாய் முழு நீளத்துக்கும் சுருங்கியவர்களுக்கு, ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து மறுபக்கத்தின் நரம்பையும் இரத்த ஓட்டத்தையும் தொடாமல் விட்டுவைக்கும் முறையை உருவாக்கியவர் புனேயின் டாக்டர் சஞ்சய் குல்கர்னி. உலகம் முழுக்க அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. இந்த அறுவையைக் கற்றுக்கொள்ள வெளிநாட்டு மருத்துவர்கள் புனேவுக்கு வருகிறார்கள். அப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு, கம்பிக்கு மேல் ஒன்று உண்டு என்பதே தெரியாமல் பல ஆண்கள் இருக்கிறார்கள்.

எனக்குச் சுருக்கம் 4 செ.மீ.க்குக் கிட்டே. இத்தனை முறை விரித்ததில் நீண்டிருக்கலாம் என்றார் டாக்டர். உடனே அறுக்கவும் இல்லை. "இரண்டு மாசம் யாரும் உள்ள எதையும் விடக்கூடாது, தழும்பு முழுசா வெளியில தெரியட்டும்" என்று காத்திருக்கச் சொன்னார். இதற்கிடையில் அடைத்துவிட்டால் அடிவயிற்றில் துளையிட்டுப் பையிலிருந்து நேரே டியூப் போட்டுவிடலாம் என்றும் சொன்னார். அது தேவைப்படவில்லை. அறுவை முழு மயக்கத்தில் நடந்தது. கண் விழித்தபோது கீழே வலியைவிட வாய்தான் பெரிதாகத் தெரிந்தது. இடது கன்னம் பன்னு மாதிரி வீங்கி, வாயை இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்க முடிந்தது. மனைவி மோரில் உப்புக்கூடப் போடாமல் கரைத்துக் கொடுத்தாள். முதல் சில நாள் ஆறவைத்த கஞ்சி, தயிர், ஐஸ்கிரீம். காரம் நாக்கில் பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். வாய் சீக்கிரம் ஆறிவிடுகிறது. கதீட்டரோடு மூன்று வாரம் இருப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். பையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். பிறகு டியூப்பைச் சுற்றிச் சாயம் விட்டுப் படம் எடுத்து, எங்கும் கசியவில்லை என்று உறுதி செய்தபின்தான் எடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு சைக்கிளும் பைக்கும் கூடாது.

வாய்ச் சவ்வு என்றதும் நம் ஊரில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். புகையிலை, பான் மசாலா, பாக்கு போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்பக்கம் வெளுத்து நார் நாராக இறுகிவிடுகிறது. அந்தச் சவ்வு ஒட்டுக்கு உதவாது. நாக்கின் அடிப்பக்கத்திலிருந்து எடுக்கும் வழி இருக்கிறது என்றாலும், கிடைக்கும் பொருளே கெட்டுப்போயிருந்தால் எந்தக் கைதேர்ந்த மருத்துவரும் சிரமப்படுவார். யுரெத்ரோபிளாஸ்டிக்கு நாள் குறித்தவர்கள் இதைப் போடுவதை அன்றே நிறுத்த வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வாய் ஒட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோருக்கு நிலைக்கிறது, மீதிப் பேருக்குச் சுருக்கம் திரும்பலாம். சிலருக்கு விறைப்பு சில மாதம் மந்தமாகும், பெரும்பாலும் மீண்டுவிடும். விதைப்பைப் பக்கம் மரத்த உணர்வு இருக்கும். எனக்குக் கடைசிச் சொட்டு இன்னும் தேங்குகிறது. விதைப்பைக்குப் பின்னால் விரலால் அழுத்தி முன்னோக்கித் தடவினால் வந்துவிடும், பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தது. அறுவை வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். எண்பது வயதில், இதயமும் சரியில்லாதவருக்கு, வருடத்துக்கு ஒருமுறை விரித்துவிட்டு நிம்மதியாக இருப்பதே நல்லது. தானே மெல்லிய டியூப்பை விட்டு வழியைத் திறந்துவைத்துக்கொள்ளும் முறையிலும் பலர் பல வருடம் ஓட்டுகிறார்கள். தழும்பில் மருந்து பூசும் பலூன் ஒன்றுக்கு அமெரிக்காவில் 2021இல் அனுமதி கிடைத்தது. குட்டையான, திரும்ப வந்த சுருக்கத்துக்கு அது ஒரு வாய்ப்பு. நோயாளிக்கு எல்லா வழிகளையும் சொல்லி, அவர் தேர்ந்தெடுத்தால் எதுவும் தப்பில்லை.

யாரும் பேசாத ஒரு விஷயம் உண்டு. குழாய் சுருங்கினால் விந்தும் வேகமாக வெளிவராது, உள்ளேயே தேங்கும், சிலருக்கு வலிக்கும். குழந்தை தாமதமாகிற வீடுகளில் பெண்ணைத்தான் டெஸ்ட் டெஸ்ட்டாக அலையவிடுகிறார்கள். கணவனுக்கு மூத்திரம் எப்படிப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. எனக்கு முன்னால் காத்திருந்த ஒரு இளைஞர், கல்யாணமாகி நாலு வருடம் என்றார். அவர் மனைவிக்கு எடுத்த ரிப்போர்ட்கள் ஒரு பெரிய ஃபைல் நிறைய இருந்தன. அவருக்கு எடுத்தது அன்றுதான் முதல் சோதனை.

சிகிச்சையைத் தள்ளிப்போடுவதன் விலை பெரிது. பை முக்கி முக்கித் தடித்துப்போகும், கல் சேரும், அடிக்கடி கிருமித் தொற்று வரும், விதைப்பை வீங்கும். கடைசியில் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தையே கெடுக்கும். சிலருக்குக் கீழே சீழ்க்கட்டி உடைந்து, தோலில் பல துளைகள் வழியே சிறுநீர் ஒழுகும் நிலைகூட வருகிறது. வாலிப வயதுக்காரருக்குத் தாரை மெலிந்தால் நேரே யூராலஜிஸ்ட்டிடம் போய், ஃப்ளோ டெஸ்ட் எடுக்கலாமா என்று கேளுங்கள். ஏற்கெனவே விரித்து விரித்து அலைபவர்கள், எக்ஸ்ரே படத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, யுரெத்ரோபிளாஸ்டி வழக்கமாகச் செய்கிற ஒருவரிடம் இரண்டாவது கருத்து கேளுங்கள். வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். செலவைப் பற்றிப் பயந்தால், காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போய், எந்தெந்த இடத்தில் இந்த அறுவைக்கு அது செல்லும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்டரில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

புது ஸ்ட்ரிக்சர்கள் பல ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பிறக்கின்றன என்பதால் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. அப்பாவுக்கோ மாமாவுக்கோ கதீட்டர் போட்டிருந்தால், தினமும் ரவுண்ட்ஸ் வரும்போது "இது இன்னும் தேவையா டாக்டர்?" என்று கேளுங்கள். தேவைக்கு மேல் ஒருநாளும் இருக்க வேண்டாம். டியூப் இழுபடாமல் தொடையிலோ அடிவயிற்றிலோ பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நாள் கணக்கில் இருக்கப்போகிறது என்றால் சிலிகான் டியூப் கிடைக்குமா என்று கேளுங்கள். விபத்தில் இடுப்பு அடிபட்டவருக்கு நுனியில் ஒரு சொட்டு இரத்தம் தெரிந்தாலும், கதீட்டர் நுழைய மறுத்தாலும், யாரும் பலவந்தமாகத் திணிக்கக்கூடாது. யூராலஜிஸ்ட் வரட்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. அடிவயிறு வழியாக டியூப் போட்டுச் சிறுநீரை எடுத்துவிட்டால் உயிருக்கு ஆபத்தில்லை. அறுந்த குழாயைப் பொதுவாக மூன்று மாதம் கழித்துத்தான் சேர்ப்பார்கள்.